மடித்த பென்னி

ஹேசல் கொட்டகைக் கதவைக் காலால் உதைத்தாள். உள்ளே தாழ்ப்பாள் குதித்ததே தவிர விழவில்லை.

"அப்பா! திறக்கறீங்களா, கதவைப் பேத்துடவா?"

"சோடாவுல ஊறுது. அஞ்சு நிமிஷம்."

"ஏழு மணிக்கும் இதையேதான் சொன்னீங்க. மதியம் தாண்டாதுன்னு நர்ஸ் சொல்றாங்க. காதுல விழுதா? அம்மா உங்களையே கேட்டுக்கிட்டு இருக்கா."

நாற்பத்தாறு வருடம் கூட வாழ்ந்தவள் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் மூச்சுக்கு அல்லாடுகிறாள். இந்த மனுஷன் கிண்ணத்தில் அலுமினியத் தாளும் சோடா உப்பும் போட்டு ஒரு வெள்ளிக் காசைக் கறை போக ஊறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஹேசலுக்கு அழுகை வரவில்லை. பற்றிக்கொண்டுதான் வந்தது.

அந்தக் காசு அம்மாவுடையது. நார்ஃபோக் வயல்களின் களிமண்ணில் இருபது வருடமாக, மண்ணுக்குள் உலோகம் இருந்தால் கத்தும் கருவியைத் தூக்கிக்கொண்டு அலைபவர் அப்பா டெஸ்மண்ட்; பிளாஸ்க்கில் டீயோடு பின்னால் போவது மட்டும்தான் அம்மா ஆட்ரியின் வேலை. போன செப்டம்பரில் அவர் வேலியோரம் ஒன்றுக்குப் போன நேரத்தில் கருவியை எடுத்து நாலு எட்டு வைத்தாள். கத்திவிட்டது. எழுநூறு வருடத்துப் பென்னி, சரியாக இரண்டாக மடிந்து கிடந்தது. வெளியே சிலுவை தெரிந்தது. ராஜாவின் தலை உள்பக்கம். "இந்த ராஜா மூஞ்சியைப் பாக்காம நான் சாக மாட்டேன், ஆமா" என்று வயலிலேயே நின்று சிரித்தாள். அடுத்த மாதம் டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். அதற்குப் பிறகும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், சிரிக்காமல். நேராக்கித் தருகிறேன் என்று அவரும் வாக்குக் கொடுத்திருந்தார்.

தாழ்ப்பாள் விலகியது. அப்பா முகம் மழிக்காமல் நின்றார். பின்னால் மேஜைமேல் கிண்ணம் காய்ந்து கிடந்தது. பக்கத்தில் காசு, மடிந்தபடியே.

"ஊறவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! காலையிலேருந்து என்னதான் பண்றீங்க?"

"மியூசியத்துப் பொண்ணு திங்கக்கிழமை போன் பண்ணுச்சு" என்றார். "படம் அனுப்பியிருந்தேன்ல. கலப்பை பட்டு வளைஞ்சதில்லையாம். வேணும்னே மடிச்சதாம். அந்தக் காலத்துல வீட்டுல யாராவது சாகக் கிடந்தா, அவங்க தலைக்கு மேல ஒரு காசைப் புடிச்சு, புனிதர் பேரைச் சொல்லி மடிப்பாங்களாம். பொழைக்கணும்னு நேர்ந்துக்கறது."

"அதுக்கு?"

"மடிச்சா நேர்ந்தது நேர்ந்ததுதான். பிரிக்கக் கூடாது." காசைப் பார்த்தபடியே சொன்னார். "நான் பிரிச்சா அவ போயிடுவா, ஹேசல்."

கல்யாணத்துக்கும் சாவுக்கும் தவிர சர்ச் வாசலை மிதிக்காத மனுஷன்!

"நீங்க பிரிக்கலேன்னாலும் அவ போகத்தான்ப்பா போறா!"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "சூடு காட்டாமப் பிரிச்சா ஒடிஞ்சிடும். ஆக்சிஜன் ஓடற ரூம்ல நெருப்பு வைக்க முடியுமா?" என்றார்.

"இங்கயே காட்டுங்க. ஒரு தடவை காட்டினா ஆறினப்புறமும் வெள்ளி இளக்கமாத்தான் இருக்கும்னு நீங்கதான சொல்வீங்க? அவ பக்கத்துல உக்காந்து பிரிங்க. எழுந்திருங்க முதல்ல."

எழுந்தார். செங்கல் மேல் காசை வைத்துத் கேஸ் தீக்குழலைப் பற்றவைத்தார். ஒரு நொடி கூடினால் உருகி ஓட்டையாகிவிடும். மங்கலாகச் சிவந்ததும் இடுக்கியால் எடுத்துத் தண்ணீரில் போட்டார். இருவரும் தோட்டத்தைக் கடந்து ஓடினார்கள்.

நர்ஸ் நாற்காலியைக் காலி செய்தாள். அப்பா அதில் உட்காராமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஆட்ரி. கொண்டாந்துட்டேன்."

அம்மாவின் கண் பாதி திறந்தது. "எங்க... போய்த் தொலைஞ்சே?" என்றாள். பிறகு, "மெதுவாப் பண்ணு. அவசரப்பட்டா ஒடிச்சுருவே."

அப்பா ரொட்டிப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தார். சீவிய மரக்குச்சியை மடிப்பின் வாயில் நுழைத்தார். அழுத்தி, திருப்பி, மறுபடி அழுத்தினார். "வாயைத் திறந்துட்டான் பாரு... இன்னும் கொஞ்சம்... வரமாட்டேங்கறான் கழுதை..."

ஹேசல் காசைப் பார்க்கவில்லை. அம்மாவின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறியது. நின்றது. வெகுநேரம் கழித்து ஏறியது. இறங்கியது. அதற்குப் பிறகு ஏறவில்லை.

பலகையில் காசு பாதிதான் திறந்திருந்தது.

நர்ஸ் சொல்ல வாயெடுத்தாள். ஹேசல் உதட்டில் விரலை வைத்தாள். இப்போது சொன்னால் இந்த மனுஷன் சாகும்வரை தன் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் பேசிக்கொண்டே பிரித்தார். கடைசியில் இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். "இந்தா, ஆட்ரி" என்று தலையை நிமிர்த்தினார்.

யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆக்சிஜன் இயந்திரம் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. நர்ஸ் அதை நிறுத்தினாள்.

"பாத்தாளா?" என்றார் அப்பா, ஹேசலைப் பார்க்காமல்.

இல்லை என்றால் கொடுத்த வாக்கு போயிற்று. ஆமாம் என்றால், பிரித்ததும் போய்விட்டாள் என்றாகிவிடும்.

"பாத்தாப்பா. நீங்க குனிஞ்சிருந்தீங்க. கொஞ்சம் திறந்ததுமே ராஜா மூஞ்சி தெரிஞ்சுது. பாத்து சிரிச்சா. அப்புறம் நல்லா நேரம் கழிச்சுத்தான்... அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லப்பா."

அவர் தலையாட்டினார். மேல் மரத்துண்டை எடுத்துவிட்டுக் காசைத் திருப்பினார். உள்பக்கம் முழுவதும் களிமண், தீயில் வெந்து செங்கல்லாக இறுகி அப்பிக் கிடந்தது. முகமும் இல்லை, கிரீடமும் இல்லை, ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. அவர் அதைப் பார்த்த அதே நேரத்தில் ஹேசலும் பார்த்தாள்.

அப்பா காசை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

"சிரிச்சாளா?" என்றார். "சரிம்மா."

கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து ஹேசல் உட்கார இடம் விட்டார்.