கூரையைப் பார்த்த கூட்டம்

நூறு வருடப் பழைய நாடக அரங்கைப் புதுப்பித்த பொறியாளர், நடிகைக்குக் கொழுந்தன். அதனால் ஒத்திகைக்கு வந்தவள் வாயை மூடிக்கொண்டுதான் சுற்றிப் பார்த்தாள். தூணெல்லாம் தங்க முலாம் பூசிய திராட்சைக் கொடி. மாடத்துக்கு மாடம் கொழுகொழுவென்று சுதைக் குழந்தைகள். கூரையில் மேகம், மேகத்தில் ரதம், ரதத்தில் யாரோ ஒரு தேவதை. ஒரு சாண் சுவரைக்கூடச் சும்மா விடவில்லை.

"எப்படி அண்ணி?"

"கண்ணு கூசுது தம்பி. மேடையில என்ன பண்ணியிருக்கீங்க?"

"மேடையா? அதுல கைவைக்க நேரமே இல்ல அண்ணி."

உண்மைதான். கால் வைத்த இடமெல்லாம் பலகை முனகியது. ஒப்பனை அறைக் குழாயைத் திறந்தால் காற்று வந்தது.

"மேல அலங்காரம், உள்ள ஓக்காளம்" என்று கணவரிடம் பொருமினாள். நாடகத்தை இயக்குபவர் அவர்தான்.

"சும்மா இரு. அவன் சொல்லித்தான் திறப்பு விழா நாடகமே நமக்குக் கிடைச்சுது."

விழாவன்று அரங்கக் குழுத் தலைவர் ஒரு கட்டளை போட்டார். நாடகம் நடக்கும்போதும் அரங்க விளக்குகள் எரிய வேண்டும். "அணைச்சுட்டா கூரையை யாரு பாக்குறது?"

இரண்டாம் காட்சியில், செத்த மகனை மடியில் போட்டுக்கொண்டு நடிகை அடிவயிற்றிலிருந்து கதறினாள். கதறியபடியே எதிரே பார்த்தாள். ஒரு முகமும் தெரியவில்லை. வரிசை வரிசையாக முகவாய்க்கட்டைகள்தான் தெரிந்தன. முன்வரிசையில் தலைவர் தன் மனைவியிடம் கூரையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கடைசி மாடத்துக் குழந்தை என் ஜாடை இல்ல?"

"உங்களுக்கு ஏது அவ்வளவு முடி?"

நடிகைக்கு அழுகை நின்றுவிட்டது. மகனின் தலையை மெல்ல இறக்கி வைத்தாள். படியிறங்கி வந்து, தலைவருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தாள். மேடையில் பிணம் ஒரு கண்ணைத் திறந்தது.

அரங்கம் அடங்கியது. முகவாய்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

"ஏம்மா, நாடகம்?" என்றார் தலைவர்.

"நீங்க பாத்து முடிங்க ஐயா. பையன்தான் செத்துட்டானே, அவனுக்கென்ன அவசரம்?"

மாடியிலிருந்து ஒருவர் குபீரென்று சிரித்தார். பிறகு மாடி முழுக்கச் சிரித்தது. அந்தச் சத்தத்திலேயே அரங்க விளக்குகள் பட்டென்று அணைந்தன. சும்மா இருக்கச் சொன்ன கணவர்தான் ஓடிப்போய் அணைத்திருந்தார்.

இருட்டில் தட்டுத்தடுமாறி மேடையேறி, மகனை மறுபடி மடியில் கிடத்தினாள். அதே வசனம், அதே கதறல். இம்முறை கைக்குட்டைகள் வெளியே வந்தன. தலைவரும் தொந்தரவு செய்யவில்லை. பாதியிலேயே குறட்டை விட்டுவிட்டார்.

மறுநாள் பத்திரிகையில் அரைப் பக்கத்துக்குக் கூரையின் படம். கீழே திராட்சைக்கு ஒரு பத்தி, தேவதைக்கு ஒரு பத்தி. கடைசி வரி: 'விழாவில் நாடகம் ஒன்றும் நடைபெற்றது.'

காலையிலேயே கொழுந்தன் போன் செய்தான்.

"அண்ணி, பாத்தீங்களா? உங்களையும் விடாம போட்டிருக்கான்!"

அவள் போனைக் கணவர் கையில் திணித்தாள்.

"உங்க தம்பிதானே, நீங்களே பேசுங்க."