சாய்ந்த கைப்பிடி

நாலாம் வகுப்புக்கு வாரத்தில் இரண்டு பாடவேளை வடிவமைப்பும் தொழில்நுட்பமும். பிள்ளைகள் அதை 'செய்யுற பீரியட்' என்பார்கள். மணி அடிப்பதற்கு முன்பே அட்டை, பசை, சின்ன ரம்பம் எல்லாம் மேசைக்கு வந்துவிடும்.

அந்த ஆண்டு நான் கொடுத்த வேலை இது: வீட்டில் ஒருவருக்குத் தினமும் தொல்லை தருகிற ஒரு காரியத்தைக் கண்டுபிடித்து, அதைச் சுலபமாக்க ஒரு பொருள் செய்ய வேண்டும். முதலில் அவரைக் கேட்க வேண்டும். பிறகு வரைந்து, செய்து, அவரிடமே கொடுத்துப் பார்த்துத் திருத்த வேண்டும். இதையெல்லாம் கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதிப்போட்டவள் நானேதான்.

வகுப்பில் மற்றவர்களைவிட ஒரு சாண் உயரமாக ஒரு பெண் இருந்தாள். அவளுக்கு 'ஏணி' என்று பட்டப்பெயர். அதற்கெல்லாம் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். அவளுடைய அம்மா ஒரு சலவைக்கூடத்தில் வேலை பார்த்தார். முந்தின வருடம் இஸ்திரி இயந்திரத்தில் வலது கை மாட்டி இரண்டு விரல்கள் மடங்காமல் போயிருந்தன. வீட்டுச் சாவியைப் பிடித்துத் திருப்ப முடியாது. ஏணி அதற்காக ஒரு கைப்பிடி செய்தாள். கையளவு மரக்கட்டை, நுனியில் சாவி செருக ஒரு பிளவு, நடுவில் பழைய செருப்பு ரப்பர், மேலே கன்னாபின்னாவென்று சுற்றிய துணிப்பட்டை. கட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நான்கு வாரம் அதையே நோண்டிக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகள் செய்த பொருள்களை வைக்கும் கண்காட்சிக்கு முந்தின நாள் மாலை தலைமையாசிரியர் மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஏணியின் கைப்பிடியை இரண்டு விரலால் தூக்கினார்.

"இது என்ன டீச்சர், நாய் கடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு?"

"சாவி திருப்புறதுக்கு சார். அவங்க அம்மாவுக்கு."

"நாளைக்குக் கல்வி அலுவலர் வர்றாரு. கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க."

அவர் வேறெதுவும் சொல்லவில்லை. பழியை அவர் தலையில் போட எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகள் போன பிறகு துணிப்பட்டையை உரித்தது நான். ரப்பரைப் பிய்த்தெறிந்து, சாய்ந்த பக்கத்தை அறுத்து நேராக்கி, உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்த்து, நீலச் சாயம் பூசியதும் நான். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. முடித்ததும் தூர நின்று பார்த்துப் பூரித்தும் போனேன். பிள்ளைக்கு உதவி செய்துவிட்டதாகவே நினைப்பு.

மறுநாள் ஏணியின் அம்மா அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு வந்திருந்தார். அலுவலர் நீலக் கைப்பிடியைக் கையில் எடுத்ததுமே முகம் மலர்ந்தார். முதல் பரிசு அதற்குத்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

"எங்கேம்மா, நீங்களே ஒரு தடவை திருப்பிக் காட்டுங்க," என்றார் ஏணியின் அம்மாவிடம்.

பலகையில் ஒரு பூட்டு பொருத்தி வைத்திருந்தோம். அம்மா சாவியைச் செருகிக் கைப்பிடியை உள்ளங்கையால் அழுத்தினார். வழுக்கியது. மறுபடி அழுத்தினார். மடங்காத விரல்கள் சாயத்தின் மேல் சறுக்கிக்கொண்டு போயின. பிறகு அவர் உடம்பைக் கொஞ்சம் திருப்பி மறைத்துக்கொண்டு, இடது கையால் திருப்பினார். பூட்டு திறந்தது.

"நல்லா இருக்குங்க சார்," என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். ஏணி மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இது என்னோடது இல்ல டீச்சர்."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அலுவலர் திரும்பிப் பார்த்தார். தலைமையாசிரியரும் பார்த்தார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது.

"உன்னோடதுதான்மா," என்று சிரித்தேன். "டீச்சர் சாயம் மட்டும்தான் அடிச்சேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு போய்ப் பரிசை வாங்கிக்கொண்டாள்.

கூட்டம் கலைந்த பிறகு வாசலில் அம்மாவைப் பிடித்து நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுமை குறைந்திருக்கும்.

"பரவால்ல டீச்சர், நல்லதுக்குத்தானே செஞ்சீங்க," என்றார். "என் கையைப் பிடிச்சுப் பிடிச்சுப் பார்த்துத்தான் அதைச் சாய்ச்சா. நேரா இருந்தா எனக்கு அழுத்த வராது. நோட்டுல எல்லாம் எழுதி வச்சிருந்தாளே, பார்க்கலையா நீங்க?"

வகுப்புக்கு ஓடிப்போய் நோட்டை எடுத்தேன். அம்மாவின் கையை மூன்று பக்கங்களில் வரைந்திருந்தாள். 'ரெண்டு விரலும் இங்க சாயணும்' என்று அம்புக்குறி. 'பட்டை இல்லாட்டி வழுக்குது' என்று அதன் கீழே. ஒவ்வொரு பக்கத்திலும் என் சிவப்பு சரிக்குறி இருந்தது. ஒன்றுகூடப் படித்துப் பார்த்துப் போட்டது அல்ல.

திங்கட்கிழமை வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் சொன்னேன்: "பரிசு வாங்குன கைப்பிடியை நான்தான் மாத்திக் கெடுத்தேன். தப்பு என்னோடது."

"அப்ப பரிசு உங்களுக்கா டீச்சர்?" என்று பின்வரிசையில் ஒருவன் கேட்டான். வகுப்பே சிரித்தது. ஏணி சிரிக்கவில்லை. அவளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"நாம ரெண்டு பேரும் சேர்ந்து பழையபடியே செஞ்சிடலாமா கண்ணு?"

"வேணாம் டீச்சர். அம்மா இடது கையாலயே பழகிட்டாங்க."

அதற்குப் பிறகு அவள் எதிலும் குறை வைக்கவில்லை. கோடு போட்டால் நேராக இருக்கும். பசை எங்கும் வழியாது. பாதியில் எழுந்து வந்து, "இப்படித்தானே டீச்சர்? போதுமா?" என்று கேட்பாள். "உனக்கு எப்படித் தோணுது?" என்று திருப்பிக் கேட்டால் அங்கேயே நிற்பாள். நான் ஏதாவது சொல்லும் வரைக்கும் நிற்பாள்.

ஆண்டின் கடைசி வேலை, இறக்கை அடிக்கும் அட்டைப் பறவை. மாதிரிக்கு நான் ஒன்று செய்து மேசைமேல் வைத்திருந்தேன். பிள்ளைகள் ஆளுக்கொரு விதமாகச் செய்தார்கள். ஒருவனுடையது கோழி மாதிரி இருந்தது. அவன் அதைக் கழுகு என்று சாதித்தான். ஏணியின் பறவை அச்சு அசலாக என்னுடையதைப் போலவே இருந்தது. என் பறவையின் இடது இறக்கையில் கத்தரி வழுக்கி ஒரு சிறு வெட்டு விழுந்திருந்தது. அவள் பறவையிலும் அதே இடத்தில், அதே அளவில், அந்த வெட்டு இருந்தது.

மதிப்பெண் குறைக்க வழியே இல்லை. பத்துக்குப் பத்து போட்டேன்.