மோட்டாரை நிறுத்தச் சொன்ன செடி

ஜாஸ்மினை அடக்கம் செய்துவிட்டு வந்த வாரத்தின் கடைசியில், சமையலறை ஜன்னலில் இருந்த அவளுடைய செடி பேசியது. “ஏங்க, மோட்டார நிறுத்துங்க. டேங்க் ரொம்பிடுச்சு” என்றது. மாடம்பாக்கம் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற அந்தக் குறுகிய தெருவில் அப்போது விளக்கு வைக்கும் நேரம். மொட்டை மாடியிலிருந்து தண்ணீர் உண்மையாகவே வழிந்துகொண்டிருந்தது. தனசிங் எழுந்துபோய் சுவிட்சை அணைத்தார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அழுதார்.

குரலில் பரலோகத்தின் சாயல் எதுவும் இல்லை. கல்யாணமான நாள் முதல் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோவது அவர் வழக்கம், அடுக்களையிலிருந்து கத்துவது அவள் வழக்கம். அதே சலிப்பு, அதே அவசரம். செடியும் அப்படியொன்றும் அபூர்வமானது அல்ல. வேளச்சேரி சாலை நர்சரியில் வாங்கியது. தடித்த இலைகள் தாமரை மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். கடைக்காரர் சக்குலென்ட் என்றார். ஜாஸ்மினுக்கு அது குண்டுச்செடி. சர்ச்சிலிருந்து துக்கம் விசாரிக்க வந்த சபை ஐயர் ஒருநாள் மாலை அந்தக் குரலைத் தம் காதாலேயே கேட்டார். சற்று நேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு போனை எடுத்து, தம் வீட்டு மோட்டாரை அணைக்கச் சொன்னார்.

மோட்டாரை அணைத்ததும் செடி பேச்சை நிறுத்திவிடும் என்பதைத் தனசிங் சீக்கிரமே கண்டுகொண்டார். அதனால் அணைக்காமல் இருக்கத் தொடங்கினார். “ஏங்க, வழியுது… ஏங்க… காது செவுடாயிடுச்சா உங்களுக்கு?” என்று அவள் திட்டத் திட்ட, அவர் ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். தண்ணீர் மாடியிலிருந்து இறங்கித் தெருவில் ஓடி, கோடி வீட்டுக் காந்திமதியின் கோலத்தைக் கரைத்தது.

“இன்னா சார், டெய்லி தெப்பம் வுட்டுகினு கீறீங்க? ஒரு படகு வாங்கிக் குடுங்க, நான் அதுலயே மார்க்கெட்டு போயாறேன்” என்று அவள் வாசலில் நின்று கத்தினாள். அவள் கத்தியது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தனசிங்கின் காதிலும் விழுந்தது. அந்தக் கோடையில் தெருவின் கிணறுகள் எல்லாவற்றிலும் தண்ணீர் கீழே இறங்கியது. தனசிங் நல்ல மனிதர். அடுத்தவர் வயிற்றில் அடிக்கிறவர் அல்ல. ஆனால் அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

இதற்கிடையில் அவர் செடியையும் கவனித்துக்கொண்டார். இவ்வளவு பேசுகிற தொண்டை காய்ந்துபோகாதா என்று காலையும் மாலையும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினார். வெயில் அதிகமான நாளில் இரண்டு. ஜெபம் முடித்து ஆமென் சொன்ன வாயோடு போய் ஊற்றுவார். கீழ் இலைகள் ஊறவைத்த ஜவ்வரிசிபோல் கண்ணாடியாயின. தண்டின் அடி கறுத்தது. குரல் கரகரத்தது, அப்புறம் ‘மோட்டார்’ போய்விட்டது, ‘டேங்க்’ போய்விட்டது, வெறும் ‘ஏங்க’ மட்டும் மிஞ்சியது.

அது நோன்பு மாதம். எதிர்வீட்டு ஜெய்னப் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்தாள். பால்கனி முழுக்கத் தொட்டி வைத்திருப்பவள். ஜன்னலைப் பார்த்ததும் கஞ்சியை மேஜையில் வைத்துவிட்டுச் செடியின் அடித்தண்டை விரலால் அமுக்கிப் பார்த்தாள். விரல் உள்ளே போயிற்று.

“அண்ணா, இது குடிக்கிற செடி இல்லண்ணா. இலையிலேயே தண்ணிய சேத்து வச்சிக்கும். நீங்க ஊத்தி ஊத்தியே அழுகிப்போச்சு.”

“தாகமா இருக்குமேன்னு…”

“அழுகல் மேல ஏறுறதுக்குள்ள தலைய வெட்டியாகணும். நல்ல இலையெல்லாம் முழுசா கழட்டிடணும்.”

“வெட்டினா பேசுமாம்மா?”

ஜெய்னப் பொய் சொல்லவில்லை. “தெரியலண்ணா. வெட்டலன்னா நிச்சயமா பேசாது.”

கத்தியை டெட்டாலில் துடைத்து அவர் கையில் கொடுத்தாள். “ஜாஸ்மின், மன்னிச்சிடு” என்று சொல்லி அவர் வெட்டினார். செடி எதுவும் சொல்லவில்லை. தலையையும் இலைகளையும் நிழலில் செய்தித்தாள்மேல் பரப்பி வைத்தார்கள். “வெட்டுன இடம் நல்லா காஞ்சு தோல் மூடணும். அதுவரைக்கும் மண்ணும் வேணாம், தண்ணியும் வேணாம். பாவமா இருக்கேன்னு ஊத்திடாதீங்க” என்று சொல்லிவிட்டு நோன்பு திறக்கப் போனாள்.

மறுநாள் அவர் வாளியைக் கழுவினார். யார் வீட்டுப் பாத்திரத்தையும் வெறுமையாகத் திருப்பித் தருவது ஜாஸ்மினுக்குப் பிடிக்காது. ஒன்றுமில்லையென்றால் ஒரு கை சர்க்கரையாவது போடுவாள். வீட்டில் சர்க்கரைகூட இல்லை. செய்தித்தாளில் கிடந்த இலைகளை அள்ளி வாளியில் போட்டுக் கொடுத்தனுப்பினார். தலையை மட்டும் தமக்கென்று வைத்துக்கொண்டார்.

வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததை அவரால் தாங்க முடியவில்லை. காயம் காயக் காத்திருக்க மனம் வராமல், தலையை அன்றே தொட்டியில் நட்டு, ஒரு டம்ளர் தண்ணீரும் ஊற்றினார். குருத்தோலை ஞாயிற்றுக்கு முன்பே அது கூழாகிவிட்டது. தொட்டியோடு கொண்டுபோய் முருங்கை மரத்தடியில் புதைத்தார். அதன்பிறகு மோட்டாரைப் போட்டால் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்றார். அவர் வீட்டில் தண்ணீர் வழியவில்லை. யாரும் திட்டவுமில்லை.

ஜெய்னப்பின் பால்கனியில் இலைகள் காய்ந்த மண்மேல் சும்மா கிடந்தன. ஒவ்வொன்றின் காம்பிலும் இளஞ்சிவப்பு நூல்போல் வேர் வந்தது, பிறகு கடுகளவு குருத்து வந்தது. தாய் இலை தன்னிடமிருந்த தண்ணீரையெல்லாம் குருத்துக்குக் கொடுத்துச் சருகானது. ஆடி மாதம் அவற்றைக் கைப்பிடி உடைந்த டீக் கோப்பைகளில் நட்டுத் தெரு முழுக்கக் கொடுத்தாள். கோலம் கரைந்த கோபம் தீராத காந்திமதிக்கும் ஒன்று போயிற்று. ஆவணியில் எல்லாம் பேசின. “ஜெய்னப், மோட்டாரு” என்றது ஒன்று. “காந்திமதி, வழியுது பாரு, எழுந்திரு” என்றது இன்னொன்று. காந்திமதி, “தோ போறேங்கா” என்று பதில் சொல்லிவிட்டுப் போய் அணைத்தாள். அந்தத் தெருவில் இப்போது எந்த டேங்க்கும் வழிவதில்லை. அடுத்த கோடையில் கிணறுகள் வற்றவில்லை. தண்ணீர் லாரி பாதி நாட்கள்தான் வந்தது. இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. கரண்ட் பில் குறைந்ததைப் பற்றித்தான் பேசினார்கள்.

தனசிங் சாயங்காலம் ஆனால் இஸ்திரி போட்ட சட்டையோடு ஏதாவது ஒரு வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார். குரல் அவளுடையதுதான். ஆனால் அந்தந்த வீட்டாரின் பெயரைத்தான் சொல்லிற்று, அவரைக் கூப்பிடவில்லை. ஜெய்னப் ஒரு கோப்பையை நீட்டியபோது, “வேணாம்மா, என் கையில தண்ணி ஜாஸ்தி” என்றார். கூப்பிடாததும் நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டார். அவரவர் வீட்டில் அவள் நன்றாக இருக்கட்டும் என்று அன்றாட ஜெபத்தில் ஒரு வரி சேர்த்துக்கொண்டார்.

கார்த்திகை மாதத்து ஒரு மாலை, ஜெய்னப் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் கணவர் பக்கீர் முகமது கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் வீட்டு மோட்டார் ஓடவில்லை.

“ஏங்க” என்றது குரல்.

பக்கீர் முகமது மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையசைத்து ஜன்னலைக் காட்டினாள்.

“ஏங்க, நம்ம வீட்டு மோட்டார போட்டுட்டு இங்க வந்து உக்காந்துட்டீங்களே.”

தனசிங் டம்ளரை வைத்தார். “போறேம்மா, போறேன்” என்று செருப்பைக்கூட மாட்டாமல் தெருவைக் கடந்தார். டேங்க் விளிம்பு வரை நிறைந்திருந்தது. ஒரு சொட்டும் இன்னும் கீழே விழவில்லை. அணைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஒரு விக்கெட் போயிருந்தது. டீ இன்னும் ஆறவில்லை.