மூன்று முறை கழுவிய தெளிப்பான்

தக்காளிச் செடிகளைப் பார்த்ததுமே விவசாய ஆலோசகருக்கு விஷயம் புரிந்துவிட்டது. பூச்சி அடித்தால் இப்படி ஆகாது, வாடல் நோய்க்கும் இப்படி ஆகாது. குருத்து இலைகளெல்லாம் நூலாய்ச் சிறுத்து, காம்போடு முறுக்கிக்கொண்டு நின்றன. களைக்கொல்லி பட்ட தக்காளிதான் இப்படி முறுக்கும். பதினேழு வருஷமாக விவசாயிகளுக்கு வகுப்பெடுக்கிற மனுஷனுக்கு இதுகூடவா தெரியாது?

"நான்தான் சார் மருந்த ஜாஸ்தியா கலந்துட்டேன் போல," என்றாள் கேள்வியக்கா.

வகுப்பில் வைத்த பெயர் அது. கையைத் தூக்கிக் குறைந்தது நாலு கேள்வியாவது கேட்காமல் அவரை வீட்டுக்கு விடமாட்டாள். இருபது வருஷம் அடுத்தவர் வயலில் கூலிக்குக் களையெடுத்தவள். அரை ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்து, தனக்கென்று போட்ட முதல் பயிர் இது.

"வெயில்கூடக் காரணமா இருக்கலாம்கா. பார்க்கலாம்," என்று மழுப்பிவிட்டு வண்டியைக் கிளப்பினார். சீ, என்ன பிழைப்பு இது என்று இருந்தது.

நடந்தது அவருக்கு மட்டும்தான் தெரியும். போன வாரம் அலுவலகத் தெளிப்பானில் களைக்கொல்லி ஊற்றி, வகுப்புக்குச் செய்து காட்டினார். முடிந்ததும் சோப்புத்தூள் போட்டு மூன்று முறை கழுவ வேண்டும், குழாயிலும் தண்ணீர் விட்டு அடிக்க வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தியவரும் அவரேதான். ஆனால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பச்சைத் தண்ணீரை ஊற்றி ஒரு குலுக்குக் குலுக்கிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலையில் இலைப்பேனுக்கு மருந்தடிக்க இரவல் கேட்டு வந்து நின்றாள் கேள்வியக்கா. எடுத்துக் கொடுக்கும்போது மனசில் சுருக்கென்றதுதான். கழுவித்தானே வைத்தோம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

புதன்கிழமை வகுப்பில் அவள் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். மடியில் அதே தெளிப்பான். கை ஒரு தரம்கூட எழவில்லை.

"என்னக்கா, வாயே தொறக்கல? இன்னைக்கு மழை கொட்டப்போவுது," என்றார் முன் பெஞ்சில் இருந்த பால்காரர். எல்லோரும் சிரித்தார்கள். ஆலோசகர் சிரிக்கவில்லை.

வகுப்பு முடிகிற நேரத்தில் அவள் எழுந்து முன்னால் வந்தாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. சார் அளவெல்லாம் தெளிவாத்தான் சொல்லிக் குடுத்தாரு. நான்தான் கோட்டை விட்டுட்டேன். செடியெல்லாம் போச்சு. என்னை மாதிரி யாரும் பண்ணிடாதீங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அளவு தெரியாதவளுக்கு எதுக்குச் சொந்தப் பயிரு? சாயங்காலம் நிலத்துக்காரரப் பார்த்து, குத்தகை வேணாம்னு சொல்லிடப்போறேன். பழையபடி கூலிக்கே போயிக்கறேன்."

தெளிப்பானை அவர் மேஜைமேல் வைத்தாள். "மூணு தடவ சோப்புத்தூள் போட்டுக் கழுவிட்டேன் சார். குழாய்லயும் தண்ணி விட்டு அடிச்சிட்டேன். நீங்க சொன்ன மாதிரியே."

அவர் மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே பளிச்சென்று இருந்தது. அளவுக் கிண்ணத்தைக்கூடத் துடைத்து உள்ளே போட்டிருந்தாள். அந்தச் சுத்தம் அவருக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. பேசாமல் தலையாட்டினால் போதும், விஷயம் இத்தோடு முடிந்துவிடும். ஒரு பயலுக்கும் தெரியாது.

அவள் வாசல்வரை போய்விட்டாள்.

"அக்கா, நில்லுங்க," என்றார். "நிலத்துக்காரரப் பார்க்கப் போகாதீங்க. அளவெல்லாம் நீங்க சரியாத்தான் கலந்திருப்பீங்க. இத உங்ககிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி..."

பாதியில் நிறுத்தி, தெளிப்பானின் மூடியைத் திருகி மூடினார். பால்காரர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். அவள் திரும்பி அவரைப் பார்த்தாள், மேஜைமேல் இருந்த தெளிப்பானைப் பார்த்தாள், மறுபடியும் அவரைப் பார்த்தாள்.

பிறகு, வாசலில் நின்றபடியே, கையைத் தூக்கினாள்.