சிஹாமின் கல்யாண டிஸ்க்

திரிப்போலியில் ஒரு பெண்ணின் கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் அதைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள். கடையில் உட்கார்ந்திருப்பவன் ஆண். பெட்டிக்குள் அக்காவின் நிச்சயதார்த்தப் படம் இருக்கும், தங்கை முடியை விரித்துப்போட்டுச் சிரிக்கிற படம் இருக்கும். அதெல்லாம் அவன் கண்ணில் படுவதைவிடப் பெட்டியைக் குப்பையில் போடலாம் என்பார்கள். இந்த ஒரு பயத்தில்தான் ரபாபின் பிழைப்பு ஓடியது. தோளில் ஒரு பை, அதில் திருப்புளி, நாலு கேபிள், சோதித்துப் பார்க்க ஒரு பழைய டிரைவ். எட்டு வருஷமாக வீடு வீடாகப் போய் வருகிறாள். பேய் பிசாசை நம்பாதவள். நம்பினால் இந்தத் தொழிலில் ஒரு வாரம் தாங்க முடியாது. பாதி வீடுகளில் கண்ணேறு பட்டுத்தான் பெட்டி கெட்டது என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறப்பார்கள்.

ஹஜ் போய் வந்த கிழவி, ஹஜ்ஜா கைரிய்யா, அதைக்கூடச் சொல்லவில்லை. கதவைப் பாதி திறந்து உதட்டில் விரலை வைத்தாள்.

"வா மகளே. சத்தம் போடாம வா. இப்பத்தான் அடங்கியிருக்கா."

"யாரு ஹஜ்ஜா? தூங்குறாங்களா?"

ஹஜ்ஜா முன்னால் நடந்தாள். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த நேரம். தெருவில் ஜெனரேட்டர்கள் இரைந்துகொண்டிருந்தன. வீட்டுக்குள் அந்தக் கிழவியைத் தவிர ஆள் நடமாட்டமே இல்லை. படுக்கையறையில், பூப்போட்ட துணி போர்த்தி, கம்ப்யூட்டர் இருந்தது.

"என் மகன் முனீர் ஈத் பெருநாளுக்கு வந்தான். சும்மா இருக்க மாட்டானே! 'உம்மா, இது கிழட்டு சிஸ்டம், புதுசு ஏத்தித் தர்றேன்'னு உட்கார்ந்தான். ஏத்திட்டு மறுநாளே மலேசியாவுக்குப் பறந்துட்டான். அன்னையிலேர்ந்து டிஸ்க் போட்டா வர்ற படம் காணோம். மூணு வாரமாச்சு."

ரபாப் பெட்டியை உயிர்ப்பித்துப் பார்த்தாள். புது சிஸ்டம் பளபளவென்று வந்து நின்றது. ஆனால் அதன் பட்டியலில் டிஸ்க் டிரைவ் என்று ஒன்று இல்லவே இல்லை. அப்படி ஒன்று இந்த வீட்டுக்கு வந்ததே இல்லை என்பதுபோலச் சாதித்தது. அவள் உதட்டைப் பிதுக்கிய அந்த நேரம், பெட்டியின் முகப்பில் பச்சை விளக்கு மினுக்கியது. உள்ளே ஏதோ சுழல ஆரம்பித்தது. விர்ரென்று ஏறி, உச்சத்தில் கொஞ்சம் நின்று, பெருமூச்சு விட்டதுபோல் அடங்கியது.

ஹஜ்ஜா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சில்லென்று இருந்தன.

"கேட்டியா? அவதான். என் சிஹாம்."

சிஹாம் அவளுடைய ஒரே மகள். நாலு வருஷத்துக்கு முன்னால் பக்கத்து நாட்டில், தூனிஸ் ஆஸ்பத்திரியில் இறந்துபோனவள். உள்ளே இருந்தது அவளுடைய கல்யாண டிஸ்க். பெண்கள் மட்டும் கூடிய மண்டபம் அது. வாசலிலேயே எல்லோருடைய செல்போனையும் வாங்கி வைத்துவிட்டார்கள். படம் எடுத்தவளும் பெண். டிஸ்க்கை ஹஜ்ஜாவின் கையில் கொடுத்துவிட்டு, கேமராவில் இருந்ததை அவள் கண்ணெதிரேயே அழித்துக் காட்டினாள். ஆக, முக்காடில்லாத சிஹாம் இந்த உலகத்தில் அந்த ஒரு டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் ஹஜ்ஜா கதவைத் தாழிட்டுக்கொண்டு அதைப் பார்ப்பாள்.

"முன்கூடத்து டிவியில போட்டுப் பார்க்கலாமே?"

"ஆம்பளைங்க வந்து உட்கார்ற இடத்துலயா? உனக்குப் புத்தி கித்தி இருக்கா?"

ரபாப் வாயை மூடிக்கொண்டு வேலையில் இறங்கினாள். கேபிளைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். அப்போதும் டிரைவ் தெரியவில்லை. சாதனப் பட்டியலில் மஞ்சள் குறியோடு ஒரு வரி நின்றது. அதை நீக்கிவிட்டு மறுபடி கிளப்பினாள். அதே மஞ்சள் குறி திரும்பி வந்து உட்கார்ந்தது. பையிலிருந்த பழைய டிரைவை மாட்டிப் பார்த்தாள். அதுவும் தெரியவில்லை. அப்போது கோளாறு டிரைவில் இல்லை என்று அவளுக்கு உறைத்தது.

"உன்னுது பேசவே இல்ல பாரு," என்றாள் ஹஜ்ஜா. குரலில் ஒரு பெருமை.

"என்னுதுல டிஸ்க் இல்ல ஹஜ்ஜா."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

சிஹாமின் டிரைவைத் திரும்ப மாட்டியதும் அது மறுபடி சுழன்று அடங்கியது. இந்த முறை ரபாபுக்கும் முதுகில் ஏதோ ஊர்ந்தது. சீச்சீ, மோட்டார் சத்தம் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

ஹஜ்ஜா நுரை கட்டிய பச்சைத் தேநீர் கொண்டுவந்தாள், மேலே வறுத்த கடலை. அதைக் குடித்துக்கொண்டே ரபாப் கேட்டாள்.

"டிஸ்க்ல பாட்டு ஏத்துற சாப்ட்வேர் ஏதாச்சும் இதுல போட்டிருந்தாங்களா? முன்னாடி, பழைய சிஸ்டத்துல?"

"முனீர் காலேஜ் படிக்கிறப்ப போட்டான். ராத்திரி பகலா ஏத்திட்டே இருப்பான். ஏன்?"

ரபாபுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. சிஸ்டத்தின் உள்பதிவேட்டைத் திறந்தாள். நினைத்தது சரி. அந்தப் பழைய சாப்ட்வேர் போய்விட்டது, அது எழுதி வைத்த இரண்டு வரிகள் மட்டும் போகாமல் கிடந்தன. புது சிஸ்டம் ஒவ்வொரு முறையும் அந்த வரிகளில் தடுக்கி, டிரைவைக் கண்டுகொள்ளாமல் போகிறது. அழித்தால் தீர்ந்தது. அவள் விரல் அழிக்கும் பொத்தானுக்குப் போனது.

"நில்லு மகளே."

ஹஜ்ஜா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தேநீர்க் குவளையைக் கீழே வைத்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு மறைச்சேன். தூனிஸ்ல, கடைசி வாரத்துல, அவளுக்கு முடியெல்லாம் கொட்டிப்போயிருந்துச்சு. என்னைக் கூப்பிட்டா. 'உம்மா, எனக்கப்புறம் அந்த டிஸ்க்க உடைச்சிடு. என் முடிய யாரும் பார்க்க வேணாம், நீயும் வேணாம், பார்த்துப் பார்த்து அழுவ'ன்னா. சரின்னேன். குர்ஆன் மேல கை வச்சுச் சரின்னேன். வீட்டுக்கு வந்து சுத்தியலும் எடுத்தேன்." அவள் தன் கையைப் பார்த்தாள். "கை வரல. நாலு வருஷமா பார்த்துட்டே இருக்கேன்."

ரபாப் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.

"அதனாலதான் அவளே வந்து டிஸ்க்கப் புடுங்கிக்கிட்டா. நீ உன் வேலையச் செய். அவளுக்கு இஷ்டம்னா திறப்பா. இல்லன்னா நீ தலைகீழா நின்னாலும் திறக்க மாட்டா. எனக்கு அது தெரிஞ்சாப் போதும்."

ரபாப் சரியாகாது என்று ஒரு பொய் சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். ஆனால் கோளாறைக் கண்டுபிடித்த பிறகு அதை விட்டுவிட்டுப் போகத் தொழில்காரி மனசு இடம் கொடுக்கவில்லை. எதை அழித்தாலும் முதலில் ஒரு நகல் எடுத்துவைக்கிறவள், அந்த இரண்டு வரிகளையும் நகலெடுத்துவிட்டு அழித்தாள். பெட்டியை மறுபடி கிளப்பினாள்.

டிரைவ் வந்துவிட்டது. பக்கத்தில் டிஸ்க்கின் பெயரும் வந்தது: சிஹாம்.

ஹஜ்ஜா எழுந்து வந்து திரையருகே குனிந்தாள். கண் நிறைந்திருந்தது.

"என்னம்மா சொல்லிச் சம்மதிக்க வச்ச?"

இங்கேதான் ரபாப் தவறு செய்தாள். வேலை கைகூடிய மிதப்பில் எல்லாவற்றையும் விளக்கினாள். பழைய சாப்ட்வேர், அது விட்டுப்போன இரண்டு வரி, புது சிஸ்டம் தடுக்கியது, எத்தனை வீடுகளில் இதே கதை என்பது வரைக்கும்.

"அப்ப அந்தச் சத்தம்?"

"உள்ள டிஸ்க் இருந்தா டிரைவ் அப்பப்ப சுத்திப் பார்க்கும் ஹஜ்ஜா. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா."

ஹஜ்ஜா பச்சை விளக்கை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப அவ வரலையா?"

ரபாபுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

"பக்கத்து வீட்டுக்காரி புருஷன் செத்து ஆறு வருஷம்," என்றாள் ஹஜ்ஜா. "வாரத்துக்கு ஒரு தடவை கனவுல வந்து, சமையல் என்னன்னு கேட்டுட்டுப் போறானாம். என் மக ஒரு தடவை வரல. நானும் எங்கெங்கயோ துஆ கேட்டுப் பார்த்தேன். இந்த மூணு வாரந்தான் வந்தா. இதோ இங்க உட்கார்ந்து என்னைத் திட்டுற மாதிரி இருந்துச்சு. நானும் பதிலுக்குத் திட்டுனேன்."

"படம் இருக்கே ஹஜ்ஜா. ஒரு அழுத்துதான். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கிறேன்."

ரபாப் தான் சொன்னபடியே திரும்பி உட்கார்ந்தாள். குலவைச் சத்தம் கேட்கும், தர்புக்கா மேளம் கேட்கும் என்று காத்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது ஹஜ்ஜா சுட்டெலியைத் தொடாமல் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படத்துல இருக்குறவளுக்கு என்னைத் தெரியாது மகளே. எல்லா வெள்ளிக்கிழமையும் அதே சிரிப்பு. கோவிச்சுக்கிட்டவளுக்குத்தான் என்னைத் தெரியும்." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்த ரெண்டு வரி உன்கிட்ட இருக்கா?"

"இருக்கு."

"திரும்பப் போடு."

"ஹஜ்ஜா, எட்டு வருஷத்துல ஒரு பெட்டியையும் நான் கெடுத்துக் கொடுத்ததில்ல."

"கெடுக்கச் சொல்லல. சத்தியத்தைக் காப்பாத்தச் சொல்றேன். என்னால உடைக்க முடியாது. பார்க்காம இருக்கவாவது விடு."

ரபாப் அந்த இரண்டு வரிகளையும் திரும்ப ஏற்றினாள். கண்ணீர் மறைத்ததில் ஒருமுறை தவறாக அழுத்தி மறுபடி ஏற்றினாள். பெட்டியைக் கிளப்பினாள். பட்டியலிலிருந்து டிரைவ் மறைந்தது. சிஹாம் என்ற பெயரும் மறைந்தது.

இருவரும் காத்திருந்தார்கள். பெட்டி கிளம்பியவுடனே டிரைவ் சுழன்றிருக்க வேண்டும், சுழலவில்லை. ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டாயிற்று. பச்சை விளக்கு அணைந்தே கிடந்தது. ஹஜ்ஜா கையை மடியில் கோத்துக்கொண்டு இருந்தாள். அதைப் பார்க்க ரபாபால் முடியவில்லை. வா, சிஹாம், ஒரே ஒரு தடவை வந்து திட்டிவிட்டுப் போ என்று மனசுக்குள் கெஞ்சினாள். தான் யாரைக் கூப்பிடுகிறோம் என்பதுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

விளக்கு மினுக்கியது. சத்தம் விர்ரென்று ஏறியது.

ஹஜ்ஜா கைரிய்யாவின் முகம் மலர்ந்தது.

"பார்த்தியா," என்றாள் ரகசியமாக. "இன்னும் கோவமாத்தான் இருக்கா."