தூக்கிப் போட்ட பந்து

கல்லூரியில் அவளுக்கு 'ரன்னர்-அப் மேடம்' என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை. ஆனால் உடை மாற்றும் அறையின் மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்கத்தானே செய்யும்? பெண்கள் டென்னிஸ் அணிக்குப் பயிற்சியாளராகச் சேர்ந்து இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. அரையிறுதி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இறுதி ஆட்டமும் பலமுறை பார்த்தாயிற்று. கோப்பை மட்டும் கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டாமல் போய்க்கொண்டிருந்தது. மற்ற அணிகளுக்குக் கைதட்டியே உள்ளங்கை காய்த்துப்போனதாக அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவளுக்கு ஒரே மகள். தாயைப் போல் பிள்ளை என்பதற்கு ஏற்ப அவளும் நடக்கத் தொடங்கிய கையோடு ராக்கெட்டைப் பிடித்தவள்தான். பள்ளியில் எந்த அணிக்குத் தேர்வானாலும், "அவ அம்மா கோச்சுப்பா, எடுக்காம இருப்பாங்களா?" என்றார்கள். கல்லூரியில் சேரும் நேரம் வந்ததும் மகள் ஊரின் மறுகோடியில் இருந்த போட்டிக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தாள்.

"உன் டீம்ல இருந்தா நான் கடைசி வரைக்கும் உன் பொண்ணுதாம்மா. கொஞ்ச நாள் நான் நானா இருந்து பாக்கறேனே."

அம்மாவுக்குச் சுருக்கென்றது. பெருமையாகவும் இருந்தது. "போ. ஆனா எதிர்ல வந்து நின்னா விடமாட்டேன், பாத்துக்கோ."

"விடாத. விட்டுக் குடுத்தேன்னு தெரிஞ்சா அப்புறம் உன்கூடப் பேசவே மாட்டேன்."

நகரப் பேருந்து ஓட்டும் கணவர் சாப்பாட்டு மேசையில் ஒரு சட்டம் போட்டார்: வீட்டுக்குள் டென்னிஸ் பேசக் கூடாது. "ரெண்டு கட்சிக்கும் ஒரே குக்கர்லதான் சமையல். சண்டை வந்தா பட்டினி கெடக்கறது நான்தான்" என்றார். மூன்று பேரும் அந்தச் சட்டத்தை மதித்து நடந்தார்கள்.

மகளின் கடைசி வருடத்தில் இரண்டு கல்லூரிகளும் இறுதி ஆட்டத்தில் மோதுவதென்று முடிவாயிற்று. அந்த வாரம் ஒரு நாள் காலையில், அலமாரியின் மேல்தட்டிலிருந்து பெட்டியை எடுக்கக் கை தூக்கிய மகள், பாதியிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள். அம்மா ஓடிப்போய்த் தோளைத் தொட்டுப் பார்த்தாள். இருபது வருடம் எத்தனையோ பெண்களின் தோள்களைப் பார்த்த விரல்கள் அவை. தொட்ட இடத்திலேயே புரிந்துவிட்டது.

"எத்தனை நாளா இப்படி இருக்கு? உங்க கோச்சுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா உக்கார வெச்சிடுவார். தலைக்கு மேல அடிக்கறப்ப மட்டும்தான் உயிர் போகுது. சர்வீஸைக் கொஞ்சம் மாத்திக்கிட்டேன், யாருக்கும் தெரியல. இந்த ஒரு மேட்ச் முடிஞ்சதும் டாக்டர்கிட்ட போயிடறேன். நீ யார்கிட்டயும் சொல்லாதம்மா."

"வேணாம்டி. ஆடாத."

"அம்மா, ப்ளீஸ்."

"சரி. சொல்லல" என்றாள் அம்மா. வெந்நீர் வைத்து ஒத்தடம் கொடுத்தாள்.

இறுதி ஆட்டத்தன்று நல்ல வெயில். கணவர் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, இரண்டு கல்லூரிக் கூட்டத்துக்கும் நடுவில் பிழைக்கத் தெரிந்த மனிதராக உட்கார்ந்துகொண்டார். மற்ற ஆட்டங்கள் ஆளுக்குப் பாதியாக முடிந்தன. கோப்பை யாருக்கு என்பது கடைசி ஒற்றையர் ஆட்டத்தில் வந்து நின்றது. ஒரு பக்கம் மகள். மறுபக்கம் நெட்டை.

நெட்டை என்று எல்லோரும் கூப்பிட்ட அந்தப் பெண் முந்தைய வருட இறுதியில் வெற்றிக்கு ஒரே ஒரு புள்ளி மிச்சமிருக்கும்போது சர்வீஸைக் கோட்டை விட்டவள். அதன் பிறகு ராக்கெட்டைத் தொடவே மாட்டேன் என்று விடுதி அறையில் கதவைச் சாத்திக்கொண்டவளை, தினமும் வாசலில் போய் உட்கார்ந்து பேசிப் பேசித் திரும்ப மைதானத்துக்குக் கூட்டி வந்தது மேடம்தான்.

முதல் செட்டை நெட்டை எடுத்தாள், இரண்டாவதை மகள். மூன்றாவதில் மகள் முன்னேறிக்கொண்டே போனாள். அப்படி ஒரு ஆட்டத்தை மகளிடம் அம்மா பார்த்ததே இல்லை. எழுந்து நின்று கத்த வேண்டும்போல் இருந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பக்கம் மாறும் இடைவேளையில் நெட்டை வந்து எதிரே உட்கார்ந்தாள். துண்டுக்குள் முகத்தைப் புதைத்திருந்தாள். தோள்கள் குலுங்கின.

"மேடம், எங்க அடிச்சாலும் எடுக்கறா. போன வருஷம் மாதிரியே ஆயிடும் மேடம். ஏதாவது சொல்லுங்க."

எதுவும் தோன்றவில்லை என்று சொல்லியிருக்கலாம். மூச்சை இழுத்து விடு, நிதானமாக ஆடு என்று ஆயிரம் முறை சொன்னதையே சொல்லி அனுப்பியிருக்கலாம். எதிரில் அழுதுகொண்டிருந்த பெண்ணும் அவளை நம்பி வந்தவள்தான். இருபது வருடத்தில் தனக்குத் தெரிந்த எதையும் அவள் தன் பெண்களிடம் ஒளித்ததில்லை. வாய் தானாகத் திறந்தது.

"தூக்கிப் போடு. அவ தலைக்கு மேல தூக்கித் தூக்கிப் போடு. அடிக்க விடு."

அடுத்த பந்து வானத்துக்கு எழும்பியது. மகள் எம்பி அடித்தாள், புள்ளி கிடைத்தது. மறுபடி ஒரு பந்து, அதையும் அடித்தாள். மூன்றாவது பந்து மேலே எழும்பியபோது மகள் பந்தைப் பார்க்கவில்லை. திரும்பி அம்மாவின் நாற்காலியைப் பார்த்தாள். பந்து அவளுக்குப் பின்னால் விழுந்து துள்ளிப் போயிற்று.

அதற்குப் பிறகு அவள் ஒரு பந்தையும் விடவில்லை. வீம்புக்கு என்பதுபோல எல்லாவற்றையும் முழு வீச்சில் அடித்தாள். பந்துகள் வலையில் முட்டின, கோட்டுக்கு வெளியே பறந்தன. கடைசிப் பந்தை அடித்தபோது ராக்கெட் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து அதை இடது கையால்தான் எடுத்தாள்.

நெட்டை தரையில் மண்டியிட்டு ஓவென்று அழுதாள். பெண்கள் மேடத்தைத் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். அந்த ஆரவாரத்துக்கு நடுவே மகள் வந்து இடது கையை நீட்டினாள்.

"வாழ்த்துக்கள் மேடம்" என்றாள்.

அறுவை சிகிச்சை முடிந்து கட்டிலில் கிடந்த மகளைப் பார்க்க நெட்டையும் வந்தாள். தோள்கட்டைப் பார்த்தாள், பிறகு மேடத்தைப் பார்த்தாள். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?" என்றாள். மேடம் தலையைக் குனிந்துகொண்டாள். கொண்டுவந்த பூங்கொத்தை நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போனவள், அதன் பிறகு மேடத்துக்கு ஃபோன் செய்யவே இல்லை.

கணவர் ஆறுதல் தேடினார். "ஏற்கெனவே கிழிஞ்ச தசைதானாம். என்னைக்கா இருந்தாலும் முழுசா அறுந்திருக்கும்னு டாக்டரே சொல்லிட்டார்."

"அன்னைக்கு அறுத்தது நான்தானே" என்றாள் அவள்.

மகள் கண்ணை மூடியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். "நீ என்னைத் தோக்கடிச்சது பரவால்லம்மா" என்றாள். "விடாதன்னு நான்தான் சொன்னேன். ஆனா வீட்ல எனக்கு ஒரு அம்மா இருந்தாங்க, மைதானத்துல எதிர்ல ஒரு கோச் இருந்தாங்க. அவங்க ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாங்கன்னு நம்பிட்டேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேண்டி" என்று சொல்ல வாயெடுத்தாள். மகளின் போர்வையை இழுத்துவிட்டாள்.

அடுத்த பருவமும் அவள் வேலைக்குப் போனாள். ஆட்டத்தின் இடைவேளையில் பெண்கள் வந்து எதிரே உட்காருவார்கள், என்ன செய்யலாம் மேடம் என்பார்கள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுப்பாள், துண்டை நீட்டுவாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பேசாத பயிற்சியாளரால் என்ன பயன்? வருடம் முடிவதற்குள் ராஜினாமா கொடுத்துவிட்டாள். வழியனுப்பு விழாவில் முதல்வர் அந்த ஒற்றைக் கோப்பையைப் பற்றித்தான் நெடுநேரம் பேசினார்.

தோள் ஆறியது, ஆனால் மகள் திரும்ப ஆடவில்லை. வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். சண்டை என்று எதுவும் இல்லை. மாதம் தவறாமல் வீட்டுக்கு வருகிறாள், பாத்திரம் கழுவித் தருகிறாள், அப்பாவின் கண்ணாடியைத் துடைத்து வைக்கிறாள். அம்மாவிடமும் முகம் கொடுத்துத்தான் பேசுகிறாள். "சாப்டீங்களா? மாத்திரை போட்டீங்களா? நீங்க படுங்க, நான் பாத்துக்கறேன்."

மகள் பேருந்து ஏறிய பிறகு ஒரு நாள் கணவர் சொன்னார்: "எவ்வளவு மரியாதையாப் பேசறா பாத்தியா? எல்லாம் சரியாயிடும்."

"அவ என்னை நீ, வான்னு கூப்பிட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா?" என்றாள் அவள்.

 கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.