பத்து மணிக் கழுதை

ஜெசிக்கா மென்பொருள் ஆக்கிடெக்ட் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கியது அறிவை வளர்ப்பதற்காக இல்லை. கோகுலனின் முகத்தில் கரி பூசுவதற்காக.

சண்டை முடிந்து சனம் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலத்தில், கொழும்பு மென்பொருள் நிறுவனம் ஒன்று மன்னார் டவுனில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக் கந்தோர் திறந்தது. சம்பளம் குறைவு, ஆட்கள் தாராளம். தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் படித்துவிட்டு, தாய் தகப்பனோடு பக்கத்துக் கரையூரான கீரிக்குத் திரும்பியிருந்த ஜெசிக்காவும் அங்கே சேர்ந்தாள். பொறுப்பாக வந்தவன்தான் கோகுலன்.

நண்டு வாங்கும் வியாபாரிகளுக்கு ஒரு செயலி வேண்டியிருந்தது. கரையில் நிறுக்கிற நண்டின் கணக்கு உடனே கொழும்புக்குப் போகவேண்டும். ஆனால் கரையில் சிக்னல் வரும், போகும், நினைத்தால் நாள் முழுக்க வராது. கணக்கு முதலில் ஃபோனுக்குள்ளேயே காத்திருக்கட்டும், சிக்னல் வந்ததும் தானாகப் போகட்டும் என்று முழு அமைப்பையும் யோசித்து வரைந்தவள் ஜெசிக்கா. வலைக்காரன் யோசேப்பின் மகளான அவளுக்கு அது ஒரு பெரிய விஷயமே இல்லை. கோகுலன் அதைக் கொண்டுபோய்க் கொழும்பில் தன்னுடையது என்று காட்டிக் கைதட்டு வாங்கி வந்தான்.

அவள் கேட்டாள். எல்லாருக்கும் முன்னால்தான் கேட்டாள்.

"சேர், அது நான் செய்த வேலை எண்டு சொல்லேல்லையோ?"

"உம்மட படத்தை விளங்கிக்கொண்டதே நான்தான். நீர் சும்மா இரும். கழுதைக்குத் தெரியுமோ கற்பூர வாசனை?"

வேறு ஊரில் என்றால் அது வெறும் பழமொழி. மன்னாரில் கழுதை றோட்டில் நிற்கிற ஊராள். அந்த நேரம் பார்த்துக் கந்தோர் முற்றத்திலேயே ஒன்று நின்றது. எல்லாரும் யன்னலால் அதைப் பார்த்தார்கள், பிறகு ஜெசிக்காவைப் பார்த்தார்கள், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

கொஞ்ச நாளில் கொழும்பிலிருந்து செய்தி வந்தது. மன்னாருக்கு ஒரு ஆக்கிடெக்ட் வேண்டும், அதாவது மென்பொருள் எப்படி நிற்கவேண்டும் என்று தீர்மானிக்கிற ஆள். அந்தப் பரீட்சையை எழுதிச் சித்தியடைகிறவருக்கே பதவி. ஒருவரும் சித்தியடையாவிட்டால் கொழும்பு ஆள் வருவார். கோகுலனும் விண்ணப்பித்தான், ஜெசிக்காவும் விண்ணப்பித்தாள். அவள் வென்றால் அவன் அவளிடம் வந்து "இது சரியோ?" என்று கேட்டு நிற்கவேண்டும். அந்தக் காட்சியை நினைத்து நினைத்தே, தகரக் கூரை கொதிக்கிற கீரி வீட்டில் வேர்த்து ஒழுகிப் படித்தாள்.

படித்ததெல்லாம் அவளுக்குக் கோகுலனாகவே தெரிந்தது. ஒரு பகுதி இன்னொரு பகுதியில் வெளியே தெரியாமல் சாய்ந்திருக்கக் கூடாது, ஒன்றை இழுத்தால் மற்றது விழும் என்று ஒரு பாடம். 'அவன் என்ரை தலையில சாய்ஞ்சிருக்கிறான், நான் விலகினால் விழுவான்' என்று அவள் மனப்பாடம் செய்தாள். பாடம் பசுமரத்தாணி மாதிரிப் பதிந்தது.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. பரீட்சையைக் கணினியில், கந்தோரிலேயே எழுதலாம். எங்கோ தூரதேசத்தில் ஒருவர் கமராவால் பார்த்துக்கொண்டிருப்பார். அறைக்குள் வேறு யாரும் வரக்கூடாது, சத்தம் கேட்கக்கூடாது, கதிரையை விட்டு எழும்பக்கூடாது. மீறினால் பரீட்சை அந்த இடத்திலேயே நிற்கும். இதை வாசித்தபோது அவளுக்குக் கழுதை ஞாபகம் வந்தது.

பரீட்சை பத்து மணிக்கு, கோகுலன் தன் முன்னறையில்தான் எழுதுவான். தினமும் அதே பத்து மணிக்கு அவன் பக்கத்துக் கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போவான். ஜெசிக்கா அந்த அறைக்குள் போய், தாழ்வான யன்னலைத் திறந்து, வாழைப்பழத் தோலை நீட்டுவாள். காது கிழிந்த கழுதை ஒன்று முதலில் தயங்கியது, பிறகு பழகியது, பிறகு மணி தவறாமல் வந்தது. தோல் வரச் சுணங்கினால் யன்னலுக்குள் மூஞ்சியை நீட்டிக் கத்தும். அந்தக் கத்தலுக்குச் செத்தவனும் எழும்பிவிடுவான். நீ சொன்ன கழுதையே உனக்குக் கற்பூரம் காட்டும் பொறு, என்று அவள் பல்லைக் கடித்துச் சிரித்தாள்.

ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலுக்குப் போனபோது தாய் எடித், மகள் பாஸாக வேண்டும் என்று நேர்த்தி வைத்தாள். ஜெசிக்கா முழங்காலில் நின்று வேறொன்று கேட்டாள். 'தாயே, அவன் தோற்க வேணும்.' தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. பாடம்தான் தண்ணீர் பட்டபாடாயிற்றே.

பரீட்சை நாள் காலையில் தாய் சொன்னாள்: "சோதினைக்கு முதல் ஒரு பரலோக மந்திரம் சொல்லிப்போட்டுப் போ பிள்ளை. 'எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்' எண்டு அதிலையும் சோதினைதானே வருகுது. ரெண்டிலையும் விழாமல் இரு."

"பஸ் போயிடும் அம்மா, வாறன்."

சனிக்கிழமை, கந்தோரில் வேறு ஆளில்லை. கோகுலன் முன்னறையில் இருந்தான். ஜெசிக்கா பின்னால், முந்திச் சமைக்கிற குசினியாக இருந்த அறையில். பத்து மணிக்கு இருவருக்கும் ஒரே நேரத்தில் கேள்விகள் விழுந்தன. எல்லாம் தெரிந்த கேள்விகள். அவள் விரல் ஓடியது, காது மட்டும் முன்பக்கம் நின்றது. சத்தமே இல்லை. கழுதை எங்கே தொலைந்தது?

கண்ணுக்குத் தெரியாத சாய்வு பற்றிய கேள்வி திரையில் வந்து நின்ற நேரம், கமராவுக்கு எட்டாத பக்கத்து யன்னலில் சீலை ஆடியது. கிழிந்த காது முதலில் வந்தது, பிறகு மூஞ்சி. தோலில்லை என்று கண்டதும் அது வாயைத் திறந்து கத்திய கத்தலில் சுவர் அதிர்ந்தது.

'அறையில் யார்?' என்று கண்காணிப்பாளரின் எழுத்து திரையில் வந்தது. எழும்பிக் கலைக்கவும் முடியாது. அவள் பதறி, 'கழுதை' என்று ஒற்றைச் சொல்லை ஆங்கிலத்தில் தட்டினாள். தன்னைத்தான் சொல்கிறாள் என்று அந்த முகம் தெரியாத மனிதர் நினைத்திருக்கவேண்டும். கண்காணிப்பாளரை அவமதித்தது, அறையில் சத்தம் என்று இரண்டு காரணம் காட்டி, பரீட்சை முடிந்தது என்று வந்தது. திரை கறுத்தது.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கழுதையை யன்னலோடு கட்டியதாக நினைத்திருந்தாள். அது சாய்ந்திருந்தது அவளுடைய கையில். முன்பக்கம் அந்தக் கை இல்லை, வேறு ஆள் இருக்கிறான் என்றதும் கையைத் தேடிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்துவிட்டது. இந்தப் பாடத்தைத்தானே விழுந்து விழுந்து படித்தாள்! தன்னைத் தானே அறைய வேண்டும் போல அவளுக்கு ஆத்திரம் வந்தது.

பரீட்சை நேரம் முடிந்து கோகுலன் வெளியே வந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"எனக்குச் சரிவரேல்லை ஜெசிக்கா, ஃபெயில் எண்டு உடனேயே காட்டிப்போட்டுது. சிக்னல் அறுந்து போற இடத்தில என்ன செய்யிறது எண்டு ஒண்டுக்குப் பின்னால ஒண்டாக் கேட்டவங்கள். எல்லாம் உம்மட நண்டு வேலை மாதிரியே கிடந்தது. எனக்கு விளங்கேல்லை."

உம்மட நண்டு வேலை. கேட்கக் காத்திருந்த சொல். ஆளில்லாத கந்தோரில், ஒரு கழுதையைச் சாட்சி வைத்துக்கொண்டு சொல்கிறான். இவள் சும்மா இருந்திருந்தாலே போதும், அவன் தானாக விழுந்திருப்பான்.

"நீர் என்ன மாதிரி?"

"கழுதை வந்திட்டுது சேர்," என்றாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

கொழும்பிலிருந்து வேறொருவர் ஆக்கிடெக்டாக வருகிறார் என்று செய்தி வந்தது. மாதா கைவிட்டுவிட்டாள் என்று எடித் கண்ணைத் துடைத்தாள்.

"இல்லை அம்மா. நான் கேட்டதை அப்பிடியே தந்தவ."

திங்கட்கிழமை பத்து மணிக்கு, அவள் இருந்த யன்னலைத் தேடிப்பிடித்துக் கழுதை வந்து நின்றது. ஒரு நிமிஷம் பிந்தவில்லை. ஜெசிக்கா தன் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்த பழத்தைத் தோலோடு எடுத்து நீட்டினாள். மூன்று பேரில் பாடத்தைச் சரியாகப் படித்தது அது ஒன்றுதான்.